கேமை நிறுத்தச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு மேட்ச் முழுசா பக்கத்துல உக்காந்து பாருங்க

ஒரு அம்மா அவங்க 12 வயசு பையனோட வந்தாங்க. கையில ஒரு பேப்பர், ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருந்ததை அப்படியே பிச்சு எடுத்துட்டு வந்திருந்தாங்க, மூலையில டேப் இன்னும் ஒட்டியிருந்துச்சு. "தினமும் 6ல இருந்து 7 வரைக்கும்தான் கேம், 7 மணிக்கு ஃபோன் என் கைக்கு வரணும்"னு பெரிய எழுத்துல எழுதியிருந்தாங்க. "ஒரு வருஷமா இந்த ரூல் இருக்கு டாக்டர், ஒரு நாள்கூட சண்டை இல்லாம 7 மணி தாண்டினது இல்ல"ன்னு சொல்லும்போதே கண்ணு கலங்கிடுச்சு. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தித்தான் எழுதுறேன்.)

பையன் தலையை குனிஞ்சு உக்காந்திருந்தான். நான் அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், சரியா 7 மணிக்கு உன் கேம்ல என்ன நடந்துட்டு இருக்கும்னு. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு அந்த பேப்பரையே திருப்பிப் போட்டு பேனா கேட்டான். பெருசா ஒரு வட்டம் போட்டான், உள்ள இன்னொண்ணு, அதுக்குள்ள இன்னும் சின்னதா ஒண்ணு. "இந்த ஜோன் சுருங்கிட்டே வரும் டாக்டர், வெளிய நின்னா செத்துடுவோம். ஆரம்பத்துல 100 பேரு. கடைசி வட்டத்துல 10 பேருகூட இருக்க மாட்டாங்க, என் ஸ்க்வாட்ல எல்லாரும் என்னையத்தான் நம்பிட்டு இருப்பாங்க, அம்மா கரெக்டா அப்பதான் வருவாங்க"ன்னு அந்த குட்டி வட்டத்து மேல பேனாவை வெச்சு அமுக்கிக்கிட்டே சொன்னான். அம்மா அந்தப் படத்தையே பாத்துட்டு இருந்தாங்க, அப்புறம் மெதுவா, "ஒரு மேட்ச் எவ்வளவு நேரம்டா?"ன்னு கேட்டாங்க. ஒரு வருஷமா தினமும் சண்டை போட்ட விஷயத்துல அவங்க கேட்ட முதல் கேள்வி அது.

இத்தனை வருஷ பிராக்டிஸ்ல நான் பெத்தவங்ககிட்ட திரும்பத் திரும்ப சொல்ற ஒரே விஷயம் இதுதான். எல்லையை கடிகாரத்தை மட்டும் பாத்து போடாதீங்க, கேம் எங்க முடியுதோ அங்க போடுங்க. எவ்வளவு நேரம் ஆடலாம்ங்கறதுக்கு வீட்ல அவ்வளவு சண்டை நடக்குது, எப்படி நிறுத்தறதுன்னு யாருமே பேசறதில்ல. நிறுத்தறதுதான் கஷ்டமான வேலை, குழந்தைக்கு அதை நாமதான் பழக்கணும்.

ஏன் கஷ்டம்னு கொஞ்சம் பாருங்க. டிவில ஒரு எபிசோட் முடிஞ்சா முடிஞ்சுது, புக்ல ஒரு அத்தியாயம் முடியும். ஆன்லைன் கேம்ல ஒரு மேட்ச் முடிஞ்ச அடுத்த செகண்டே 'மறுபடி ஆடு' பட்டன் வந்து நிக்கும். தினமும் உள்ள வந்தா ஒரு ரிவார்டு, தொடர்ந்து 7 நாள் வந்தா பெரிய ரிவார்டு, ஒரு நாள் விட்டா மறுபடி முதல்ல இருந்து, இந்த ஈவென்ட் இன்னும் 2 நாள்தான், இப்படியே போகும். பரிசு எப்ப வரும்னு தெரியாம எப்பவாவது திடீர்னு வந்தா அந்தப் பழக்கம்தான் ரொம்ப ஆழமா ஊறும், லேசுல விடாதுன்னு அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறா, எலியை எல்லாம் வெச்சு போன நூற்றாண்டுலயே காட்டிட்டாரு. சூதாட்ட மெஷின் ஓடறதும் இதே வழியிலதான், கேம்ல வர்ற லூட் பாக்ஸும், அதாவது உள்ள என்ன இருக்குன்னு தெரியாமலே திறக்கற பரிசுப் பெட்டியும், இதே வழியிலதான். நம்மள 'போதும், நிறுத்து'ன்னு பிடிச்சு நிறுத்தற மூளையோட முன் பகுதி முழுசா முதிர்றதுக்கு 20 வயசு தாண்டி இன்னும் சில வருஷம் ஆகும். அப்ப 12 வயசு பையனுக்கு மன உறுதி இல்லன்னு திட்டறதுல என்ன நியாயம் இருக்கு? பெரியவங்க நமக்கே ராத்திரி ஃபோனை கீழ வைக்க முடியலையே.

இன்னொரு விஷயம் பெத்தவங்களுக்கு தெரியறதே இல்ல. ஆன்லைன் மேட்ச்சை நடுவுல நிறுத்தி வெச்சுட்டு அப்புறம் தொடர முடியாது. "அப்படியே நிறுத்தி வெச்சுட்டு வா"ன்னு நாம சொல்றது நம்ம காலத்து வீடியோ கேமை நினைச்சு. இப்ப அந்தப் பக்கம் 3 ஃப்ரெண்ட்ஸ் நிஜமாவே உக்காந்திருக்காங்க, இவன் பாதியில கிளம்பினா அவங்களும் தோக்கணும், மறுநாள் ஸ்கூல்ல திட்டு வாங்கணும், அப்புறம் டீம்லயே சேத்துக்க மாட்டாங்க. 5 பேர் 5 பேரா மோதுற ரேங்க் மேட்ச்கள்ல பாதியில போனா அந்தக் கேமே கொஞ்ச நேரம் அடுத்த மேட்ச் ஆட விடாம தண்டனை குடுக்கும். அதனால அவன் "இன்னும் ரெண்டே நிமிஷம்"னு சொல்றது எல்லா நேரமும் ஏமாத்து இல்ல, பல நேரம் அவன் கெஞ்சறான், அதை நாம திமிருன்னு எடுத்துக்கறோம்.

சரி, எப்படி எல்லை போடறது?

முதல்ல கேம் ஓடாத நேரத்துல பேசுங்க, சண்டை முடிஞ்ச சூட்டோட வேண்டாம், லீவு நாள் சாவகாசமா இருக்கும்போது பேசுங்க. அவன் ஆடற கேமை உங்களுக்கு சொல்லிக்குடுக்கச் சொல்லுங்க. ஃப்ரீ ஃபையர் மாதிரி கேம்னா ஒரு மேட்ச் சின்னது, பப்ஜி மாதிரி பெரிய மேப்னா கடைசி வரைக்கும் உயிரோட இருந்தா அரை மணி நேரம் இழுக்கும். அந்தக் கணக்கை வெச்சு "ஸ்கூல் நாள்ல 2 மேட்ச், லீவு நாள்ல 4"ன்னு அவனையும் சேத்துக்கிட்டு முடிவு பண்ணுங்க, கூடவே "கடைசி மேட்ச் இத்தனை மணிக்கு முன்னாடி ஆரம்பிச்சிருக்கணும்"னு ஒரு கோடு போட்டுடுங்க. இந்தக் கோடு ரொம்ப முக்கியம். மேட்ச் நடுவுல எழுப்பறதை விட ஸ்டார்ட் அமுக்கறதுக்கு முன்னாடி மணி பாக்க வைக்கறது ஆயிரம் மடங்கு சுலபம், ஏன்னா மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி காத்திருக்கற லாபியில நிக்கும்போது அவன் இன்னும் உள்ள போகல, அப்ப அவனுக்கே யோசிக்க முடியும். ஜெயிச்சாலும் தோத்தாலும் எண்ணிக்கை மாறாதுன்னும் அப்பவே பேசிக்கோங்க, தோத்த மேட்ச்சுக்கு அப்புறம் வர்ற "இன்னும் ஒண்ணே ஒண்ணு"தான் நிறுத்த ரொம்ப கஷ்டமானது.

முடிவே இல்லாத கேம்களும் இருக்கு, மைன்கிராஃப்ட், ரோப்லாக்ஸ்ல பல கேம்கள் எல்லாம் அப்படித்தான். அங்க நாமளே ஒரு முடிவை கண்டுபிடிக்கணும். மைன்கிராஃப்ட்ல ஒரு பகல் ஒரு ராத்திரி சேந்து 20 நிமிஷம்தான், "அடுத்த ராத்திரி வந்ததும் உன் ஆளை படுக்கையில படுக்க வெச்சுட்டு வெளிய வா"ன்னு 8 வயசு குழந்தைகிட்ட சொன்னா அதுக்கு உடனே புரியுது, அந்த வாக்கியம் அதோட உலகத்துல இருந்து வருது பாருங்க.

நிறுத்தற நேரம் நெருங்கும்போது அடுத்த ரூம்ல இருந்து கத்தாதீங்க. ஹெட்செட் மாட்டியிருக்கற காதுக்கு அது கேக்கவும் கேக்காது. 10 நிமிஷம் முன்னாடி போய் பக்கத்துல உக்காருங்க, எத்தனை பேர் மிச்சம், நீ எங்க இருக்கேன்னு கேளுங்க, தோள்ல கை வைங்க. முடிஞ்சதும் உடனே "ஹோம்வொர்க் எடு"ன்னு ஆரம்பிக்காதீங்க, அவன் உடம்பு இன்னும் அந்த சண்டைக்குள்ளதான் இருக்கும், இதயம் வேகமா அடிச்சுட்டு இருக்கும். தண்ணி குடிக்கட்டும், கொஞ்சம் நடக்கட்டும், அந்த மேட்ச் கதையை சொன்னா கேளுங்க.

எத்தனை மணி நேரம் டாக்டர், ஒரு நம்பர் சொல்லுங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க. ரொம்ப சின்ன குழந்தைங்களுக்கு நம்பர் இருக்கு, 2ல இருந்து 4 வயசுக்கு ஸ்க்ரீன் முன்னாடி உக்காந்திருக்கற நேரம் ஒரு நாளைக்கு மொத்தமே 1 மணி நேரத்துக்கு மேல போகக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லிடுச்சு, அதுக்கும் குறைவா இருந்தா இன்னும் நல்லது. பெரிய குழந்தைங்களுக்கு நான் தூக்கத்துல இருந்து கணக்கு போட வைப்பேன். 6 வயசுல இருந்து 12 வரைக்கும் 9ல இருந்து 12 மணி நேரம் தூக்கம் வேணும், 13ல இருந்து 18 வரைக்கும் 8ல இருந்து 10 மணி நேரம். அதை முதல்ல எடுத்து வைங்க. அப்புறம் ஸ்கூல், படிப்பு, ஓடி ஆடறது, குடும்பமா உக்காந்து சாப்பிடறது. மிச்சம் இருக்கறதுல கேமுக்கு ஒரு பங்கு. தூக்கத்துல கை வைக்கற எந்த ஏற்பாடும் எனக்கு சம்மதம் இல்ல, அதுல நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன். ராத்திரி ஃபோன், டேப்லெட் எதுவும் படுக்கற ரூம்ல இருக்கக் கூடாது, எல்லாருதும் ஒரே இடத்துல சார்ஜ் ஆகட்டும், அம்மா அப்பா ஃபோனும் சேத்துத்தான்.

வைஃபையை பிடுங்கறது, ஃபோனை தூக்கிப் போட்டு உடைக்கறது, இதெல்லாம் செஞ்சுட்டு வர்றவங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன், எவ்வளவு பொறுத்துப் பாத்து அந்த நிலைமைக்கு வந்திருப்பாங்கன்னு தெரியும். ஆனா அதுக்கப்புறம் என்ன நடக்குதுன்னு சொல்லியே ஆகணும். ஒரு 14 வயசு பையன், அப்பா ஃபோனை உடைச்ச அன்னைக்கு அழவே இல்ல, கப்சிப்னு இருந்தான், வீட்ல எல்லாரும் அடங்கிட்டான்னு நினைச்சாங்க. ஃப்ரெண்டோட பழைய ஃபோனை வாங்கி 2 மாசம் ராத்திரி 1 மணிக்கு மேல போர்வைக்குள்ள ஆடியிருக்கான், கிளாஸ்ல தூங்கி விழுந்தப்பதான் தெரிஞ்சுது. கேம் நேரம் குறையவே இல்ல, வீட்டுக்கு தெரியாத இடத்துக்கு போயிடுச்சு, அவ்வளவுதான்.

நாடுகளே பூட்டு போட்டுப் பாத்திருக்கு. தென் கொரியால 2011ல 16 வயசுக்கு கீழ உள்ளவங்க நள்ளிரவுல இருந்து காலை 6 மணி வரைக்கும் ஆன்லைன் கேம் ஆடக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு, குழந்தைங்க அப்பா அம்மா ஐடியில உள்ள போனாங்க, ஃபோன் கேமுக்கு அந்த சட்டம் போகவே இல்ல, கடைசியா 2022 தொடக்கத்துல எடுத்துட்டாங்க. சீனால 2021ல இருந்து 18 வயசுக்கு கீழ வெள்ளி, சனி, ஞாயிறு, அப்புறம் அரசு விடுமுறை நாள்ல ராத்திரி 8ல இருந்து 9 வரைக்கும் மட்டும்தான். குழந்தையோட ஃபோன் நேரத்துக்கு எல்லை போடற ஃபேமிலி லிங்க், ஸ்க்ரீன் டைம் மாதிரி வசதியெல்லாம் வேண்டாம்னு நான் சொல்லல, சின்ன வயசுல அந்த வேலி கண்டிப்பா வேணும். ஆனா குழந்தைகிட்ட சொல்லிட்டு, காமிச்சு, அப்புறம் போடுங்க. தெரியாம போட்டு அவன் அதை கண்டுபிடிச்சா, அதுக்கப்புறம் உங்க வார்த்தைக்கு மதிப்பு இருக்காது.

காசு விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். கார்டு விவரம் ஃபோன்ல சேவ் ஆகி இருக்கக் கூடாது, எது வாங்கறதா இருந்தாலும் உங்க பாஸ்வேர்டு கேக்கற மாதிரி வெச்சுக்கோங்க. ஃபோர்ட்நைட் கேமை நடத்தற எபிக் கேம்ஸ் மேல அமெரிக்காவோட வணிக ஆணையம் 2022ல எடுத்த நடவடிக்கையில அந்தக் கம்பெனி மொத்தம் 52 கோடி டாலர் குடுக்க ஒத்துக்கிச்சு, அதுல 24.5 கோடி, வேண்டாததை வாங்க வெச்ச பட்டன் அமைப்புக்காக ஆட்டக்காரங்களுக்கு திருப்பிக் குடுக்க. பெரியவங்களே தெரியாம அமுக்கற இடத்துல பட்டன் இருக்கும்போது குழந்தை அமுக்கிடுச்சுன்னா அதை திருட்டுன்னு சொல்லாதீங்க, உக்காந்து பேசுங்க.

வாய்ஸ் சாட் பத்தி எனக்கு இன்னும் பெரிய கவலை. முகம் தெரியாத ஆள் பழகி, கேம்ல ஆளோட தோற்றத்தை மாத்தற ஸ்கின் வாங்கிக் குடுத்து, "வேற ஆப்புக்கு வா, அங்க பேசலாம்"னு கூப்பிடறது நடக்குது. குழந்தைங்க இதை ஏன் வீட்ல சொல்றதில்லன்னு நான் கேட்டுப் பாத்திருக்கேன், வேற வேற வயசுல வேற வேற குழந்தைங்க ஒரே பதிலைத்தான் சொல்லுது, "சொன்னா கேமை எடுத்துடுவாங்க." அதனால இன்னைக்கே உங்க குழந்தைகிட்ட சொல்லிடுங்க, யாராவது ஃபோட்டோ கேட்டா, ஸ்கூல் பேர் கேட்டா, ரகசியமா வெச்சுக்கோன்னு சொன்னா என்கிட்ட வா, அதுக்காக உன் கேமை நான் எடுக்க மாட்டேன்னு. சொன்ன பிறகு அந்த வாக்கை காப்பாத்துங்க.

எப்ப என்னை மாதிரி டாக்டர்கிட்ட வரணும்? கேமிங் கோளாறுன்னு உலக சுகாதார நிறுவனம் தன்னோட நோய்ப் பட்டியல்ல சேத்திருக்கு, அது 2022 ஜனவரியில நடைமுறைக்கு வந்துச்சு. ஆடறதை கட்டுப்படுத்தவே முடியாம போறது, மத்த எல்லாத்தையும் விட கேமே முதல்ல வர்றது, படிப்பு உறவு தூக்கம் எல்லாம் கெட்ட பிறகும் நிறுத்த முடியாம இருக்கறது, இது பொதுவா 12 மாசம் நீடிச்சிருக்கணும், நிலைமை மோசமா இருந்தா அதுக்கு முன்னாடியே முடிவு பண்ணலாம். நிறைய நேரம் ஆடற எல்லா குழந்தைக்கும் இது கிடையாது. அதனால தயவு செஞ்சு குழந்தை காதுபட "கேமுக்கு அடிமை ஆயிட்டான்"னு சொந்தக்காரங்ககிட்ட சொல்லாதீங்க. திடீர்னு கேம் நேரம் ஏறுச்சுன்னா அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 13 வயசு பொண்ணு ஒருத்தி, ஸ்கூல்ல கூட உக்காரக்கூட யாரும் இல்லாம தனியா இருந்தா, ஆன்லைன்ல மட்டும் 6 பேர் அவளை பேர் சொல்லி கூப்பிட்டாங்க. அதையும் பிடுங்கியிருந்தா அவளுக்கு என்ன மிஞ்சியிருக்கும்? நாங்க முதல்ல ஸ்கூல் பிரச்சனையைத்தான் கையில எடுத்தோம், கேம் நேரம் அப்புறம்தான் இறங்குச்சு. கேமை நிறுத்தினா செத்துடுவேன்னு ஒரு குழந்தை சொன்னா சும்மா மிரட்டறான்னு விடாதீங்க, அன்னைக்கே கூட்டிட்டு வாங்க.

அந்த வட்டம் வரைஞ்ச பையனும் அம்மாவும் 3 வாரம் கழிச்சு வந்தாங்க. 2 மேட்ச், கடைசி மேட்ச் 6.40க்கு முன்னாடி ஆரம்பிக்கணும், பேப்பர்ல இப்ப அவன் கையெழுத்து. நடுவுல 4 நாள் ரூல் உடைஞ்சிருக்கு, அதையும் அவங்களே சொன்னாங்க. "நேத்து பக்கத்துல உக்காந்து பாத்தேன் டாக்டர், கடைசி வட்டத்துல இவன் ஒருத்தன்தான் அவங்க டீம்ல மிச்சம், எனக்கே கை வேர்த்துடுச்சு. தோத்துட்டான். அவனே ஃபோனை என் கையில குடுத்துட்டான், ஆனா ரூம் கதவை மட்டும் டமால்னு சாத்தினான், அதுக்கு என்ன பண்றது?"ன்னு கேட்டாங்க. கதவை விட்டுடுங்கன்னு சொன்னேன்.