மடிக்குள் வந்த சுறாவுக்கு ஏன் மூச்சு முட்டுகிறது?

தனுஷ்கோடியில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று, கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடப்பார்கள். வலை கரை சேர மணிக்கணக்காகும். சாளையோ நெத்திலியோ வரும் என்று இழுத்துக்கொண்டிருக்கையில், என்றைக்காவது ஒரு நாள் மடி, அதாவது வலையின் கடைசியில் மீன் சேரும் பை, அளவுக்கு மீறிக் கனக்கும். அலை வடியும்போது வெள்ளைப் புள்ளி போட்ட பெரிய முதுகு தெரியும். புத்தகத்தில் திமிங்கலச் சுறா. கடற்கரையில் சிலர் அம்மணி உழுவை என்பார்கள்.

பயப்பட ஒன்றுமில்லை. அது தின்பது மிதவை உயிர்களையும் பொடி மீன்களையும்தான். ஆனால் உருவம் பெரிது. முழுதாய் வளர்ந்தது அரசுப் பேருந்து நீளம் இருக்கும். 5 மீட்டர் குட்டியே ஒரு டன் பக்கம் வரும். 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டதால் பிடிக்கவோ விற்கவோ முடியாது. திருப்பி விட எல்லோருக்கும் மனசு இருக்கிறது. எப்படி விடுவது என்பதில்தான் கோளாறு. மணல் வரை இழுத்து, செல்போனில் படம் எடுத்து, வாலில் கயிறு கட்டிப் படகால் இழுத்துக் கடலில் விடுவார்கள். அதுவும் நீந்திப் போகும். நீந்திப் போனதெல்லாம் பிழைத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

முதலில் மூச்சு. கெண்டை, கெளுத்திக்கு எல்லாம் செவுள் மேல் ஒரு மூடி இருக்கிறது. அதைத் திறந்து மூடி, நின்ற இடத்திலேயே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சுறாவுக்கு அந்த மூடி இல்லை. பக்கத்துக்கு ஐந்து பிளவுகள்தான். கடலடித் தரையில் படுத்துக் கிடக்கும் சுறாக்கள் வாயை அசைத்துத் தண்ணீரை உள்ளே இழுத்துச் சமாளித்துக்கொள்ளும். திறந்த கடலில் ஓடும் பெரிய சுறாக்களில் பலவற்றுக்கு நீந்துவதும் மூச்சு விடுவதும் ஒரே வேலை. வாயைத் திறந்தபடி முன்னே போனால் தண்ணீர் தானாகச் செவுள் வழியே போகும். வலைக்குள் முட்டி நின்றால் அந்த ஓட்டம் குறைந்துபோகும். அதாவது, மணலைத் தொடுவதற்கு முன்பே அதற்கு மூச்சு முட்ட ஆரம்பித்துவிடுகிறது.

சரி, காற்றில்தான் ஆக்ஸிஜன் அதிகம் ஆயிற்றே? உண்மைதான். ஒரு லிட்டர் காற்றில் 210 மில்லி ஆக்ஸிஜன் இருக்கிறது. நம் ஊர் வெதுவெதுப்பான கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகூடத் தேறாது. ஆனாலும் பயனில்லை. செவுள் இதழ்கள் தண்ணீரில் மிதந்து விரிந்து நிற்கிறவை. குளத்தில் முங்கும்போது விரிந்து அலையும் தலைமுடி, மேலே வந்ததும் கொத்தாக ஒட்டிக்கொள்கிறதே, அதே கதைதான். இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஆக்ஸிஜன் உள்ளே போகப் பரப்பே மிஞ்சாது.

அடுத்தது எடை. சுறாவின் உடம்பில் எலும்பே இல்லை, எல்லாம் குருத்தெலும்பு. விலாக்கூடும் கிடையாது. மற்ற மீன்களுக்கு இருக்கும் காற்றுப் பையும் இல்லை. பெரிய ஈரலில் நிறைந்திருக்கும் எண்ணெய்தான் அதை மிதக்க உதவுகிறது. தண்ணீருக்குள் அதன் எடை ஒன்றுமே இல்லாத மாதிரி. மணலில் ஏற்றினால் அந்த ஒரு டன்னும் அதன் குடல் மேலும் ஈரல் மேலும் உட்கார்ந்துவிடும். வாலைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்தால் முதுகுத்தண்டு விலகலாம். தண்ணீரும் மணலும் செவுளுக்குள் தலைகீழாகப் போகும்.

கண்ணுக்குத் தெரியாத கெடுதல் ரத்தத்தில். தப்பிக்கத் திமிறும்போது சுறா திடீர் வேகத்துக்கான தன் வெண்தசைகளை முறுக்குகிறது. அந்த வேகத்துக்கு ஆக்ஸிஜன் போதாது. தசை அது இல்லாமலே எரிபொருளை எரிக்கும். லாக்டேட் என்னும் வேதிப்பொருள் குவியும், ரத்தம் அமிலமாகும், தசை சிதைந்து பொட்டாசியம் கசிந்தால் இதயத்தின் தாளம் தப்பும். ஓடி முடித்த மனிதன் உட்கார்ந்து மூச்சு வாங்கலாம். இதற்கு உட்கார முடியாது. விட்ட பிறகு மணிக்கணக்கில் நீந்தித்தான் அந்தக் கடனை அடைக்க வேண்டும். அடைக்க முடியாதவை ஆழத்தில் சாகும். நாம் பார்ப்பதில்லை.

எல்லாச் சுறாவும் ஒன்றல்ல. புலிச்சுறா நிறையத் தாங்கும். கொம்பன் சுறா ஆக்ரோஷமாகத் திமிறும், அதனாலேயே சீக்கிரம் ஓய்ந்துபோகும். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் பொழுதுபோக்குக்காகவே கரையில் நின்று தூண்டிலில் பெரிய சுறா பிடித்து விடுகிறவர்கள் உண்டு. (எனக்கு இந்த விளையாட்டில் உடன்பாடில்லை, அது வேறு பேச்சு.) அங்கே 2019-இல் விதி வந்தது: தடை செய்யப்பட்ட இனம் மாட்டினால் செவுள் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும், தூண்டில் நரம்பை வெட்டக் கருவி கையில் இருக்க வேண்டும். தூண்டில் முள்ளும் வட்டமாக வளைந்ததாக, துருப்பிடிக்காத எஃகில் செய்யாததாக இருக்க வேண்டும். வட்ட முள்ளின் கூர் உள்பக்கம் திரும்பியிருப்பதால் தொண்டையில் குத்தாமல் வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டும். எடுக்க முடியாமல் விட்டாலும் நாளடைவில் துருப்பிடித்து உதிரும்.

நம் கரைவலையில் முள் இல்லை, மடிதான். ஆகவே அறுக்க வேண்டியது மடியை. சொல்வது எளிது, அன்றைய மீன்பாடும் வலையும் போவது இழுத்தவர்களுக்கு. குஜராத்தில் இதைப் புரிந்துகொண்டார்கள். அங்கே வலையை அறுத்துத் திமிங்கலச் சுறாவை விடும் மீனவர், படம் எடுத்துக் காட்டினால் அரசு இழப்பீடு தருகிறது. நூற்றுக்கணக்கில் விட்டிருக்கிறார்கள். இராமநாதபுரம் கரையிலும் அப்படி வேண்டும் என்பது என் கட்சி.

அதுவரை செய்யக்கூடியது: கனம் தெரிந்ததும் இழுப்பதை நிறுத்துங்கள். இடுப்பளவுத் தண்ணீரிலேயே மடியை அறுத்து, தலை கடலைப் பார்க்குமாறு ஒதுங்கி வழிவிடுங்கள். படத்தை அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். வால் பக்கம் மட்டும் யாரும் நிற்க வேண்டாம், அது ஒரு அடி அடித்தால் போவது நம் விலா எலும்பு.