நீர்மட்டம் பொருந்தினால் போதுமா? நிலத்தடி நீர்க் கணினி மாதிரிகளும் டிரேசர் சோதனையும்

குப்பைக் கிடங்கின் கசிவு பக்கத்துக் கிணறுகளுக்கு எப்போது வந்து சேரும் என்ற கேள்விக்காகத் தயாரிக்கப்படும் கணினி மாதிரி அறிக்கைகளில், அளந்த நீர்மட்டமும் கணக்கிட்ட நீர்மட்டமும் ஒரே கோட்டில் விழும் வரைபடம் ஒன்று தவறாமல் இடம்பெறும். அதைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் பலர். ஆனால் அந்தப் பொருத்தம் நீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைச் சொல்லாது.

மழையால் நிலத்தடிக்குச் சேரும் நீர், இறைப்பு, பாறையின் நீர் கடத்துத்திறன் ஆகிய மூன்றையும் ஒருசேர இரு மடங்காக்கினாலும் நிலையான ஓட்டத்தில் நீர்மட்டம் மாறாது. இறைப்பையாவது உறுதியாக அளந்து வைத்திருந்தால் இந்தக் குழப்பம் குறையும். மதுரையைச் சுற்றி இலவச மின்சாரத்தில் ஓடும் பெரும்பாலான விவசாய பம்புசெட்டுகளுக்கு மீட்டரே கிடையாது. நீரின் வேகத்தைத் தீர்மானிக்கும் பயனுறு நுண்துளைமையோ, அதாவது பாறையில் நீர் உண்மையில் ஓடக்கூடிய இடைவெளிகளின் பங்கோ, நிலையான ஓட்டத்தில் நீர்மட்டத்தைக் கணக்கிடும் சமன்பாட்டுக்குள் வருவதே இல்லை. எடுத்துக்காட்டாக, கடத்துத்திறன் நாளுக்கு 1 மீட்டர், நீர்மட்டச் சரிவு 0.005 என்று கொண்டால், நுண்துளைமை 10 விழுக்காடாக இருக்கும்போது 300 மீட்டர் தொலைவைக் கடக்கச் சுமார் 16 ஆண்டுகள் ஆகும். அதுவே 1 விழுக்காடானால் ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேல்தான். மேலூரிலும் திருமங்கலத்திலும் ஆழ்துளைக் கிணறுகள் இறங்கும் கடினப்பாறை வெடிப்புகளுக்கு 1 விழுக்காடு என்பது வியப்பான எண் அல்ல.

இந்த இடைவெளியை நிரப்புவதுதான் டிரேசர் சோதனை. ஒரு கிணற்றில் தொடர்ந்து இறைத்துக்கொண்டே, சற்றுத் தள்ளியுள்ள துளையில் அளவறிந்த பொருளை இட்டு, அது வந்து சேரும் செறிவை நேரவாரியாக அளக்கிறோம். உச்சம் தோன்றும் நேரம் நுண்துளைமையையும், வளைகோட்டின் அகலம் சிதறலையும் (பொருள் போகும் வழியில் பரவி விரிவதை) கணினி மாதிரிக்குள் கட்டுப்படுத்துகின்றன. நீண்டு தேயும் வால் பகுதியைத்தான் நான் கூர்ந்து பார்ப்பேன். வெடிப்பு நீரிலிருந்து பாறையின் நுண்துளைகளுக்குள் புகுந்த பொருள் மெல்லத் திரும்பி வருவதை அது காட்டக்கூடும். இட்டதில் எவ்வளவு மீண்டது என்ற கணக்கு இல்லாத சோதனையை நான் பாதிச் சோதனை என்றே கொள்வேன்.

பொருளைத் தேர்வதில் அவசரம் கூடாது. உப்பு மலிவானது, ஆனால் நம் கிணறுகள் பலவற்றில் ஏற்கெனவே உவர்ப்பு இருப்பதால் முன்கூட்டியே அளவெடுத்தாக வேண்டும், அடர்கரைசலும் எடை மிகுந்து கீழே இறங்கிவிடும். ரோடமைன் என்ற சாயம் களிமண்ணில் ஒட்டும். யுரேனின் என்ற பச்சைச் சாயம் வெயிலில் சிதைவதால் திறந்த கிணறுகளுக்கு ஒவ்வாது, சோதிக்க எடுத்த நீர்க் குப்பிகளையும் இருட்டில் வைக்க வேண்டும். எதை இடுவதானாலும் ஊராட்சிக்கும் சுற்றியுள்ள கிணற்றுக்காரர்களுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்; சொல்லாமல் நீர் பச்சையாக வந்தால் ஊரே கூடிவிடும்.

வடகிழக்குப் பருவமழை முடிந்து நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது ஓட்டம் சிதைந்த பாறை அடுக்கு வழியாகவும், கோடையில் அதற்குக் கீழுள்ள வெடிப்புகள் வழியாகவும் நடப்பதால், ஒரு பருவத்தில் கிடைத்த எண்ணை மற்றதற்குப் பொருத்துவது ஆபத்தானது. அதேபோல் 20 மீட்டர் இடைவெளியில் கிடைத்த சிதறல் அளவு ஒரு கிலோமீட்டருக்கு அப்படியே செல்லாது. அறிக்கையைப் பெறுபவர்கள், நுண்துளைமை அளந்ததா, நூலிலிருந்து எடுத்ததா, எந்தப் பருவத்தில், எவ்வளவு தொலைவில் என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.