பென்ட் செய்தால் சத்தம் செத்துப்போவது ஏன்?

ஃபெண்டர் நிறுவனத்தின் 1960களின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) எலெக்ட்ரிக் கிட்டார்களிலும், அதே அளவில் இன்றும் வருகிற மறுபதிப்புகளிலும் ஒரு தொல்லை உண்டு. ஓரத்தில் இருக்கும் மெல்லிய முதல் கம்பியை 15ஆம் ஃப்ரெட்டில் (விரல் அழுத்தும் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளில் ஒன்று) அழுத்தி, பலகையின் நடுப்பக்கமாகத் தள்ளி ஒரு முழுச் சுரம் ஏற்றினால் (இதுதான் பென்ட்), பாதி வழியிலேயே சத்தம் கரகரத்துச் செத்துப்போகும். கம்பிகளைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் தொல்லை போகும். அப்புறம் அழுத்த முடியாமல் விரல் வலிக்கும். ஃப்ரெட்போர்டின், அதாவது அந்தப் பலகையின், வளைவையே மாற்றிவிடலாமா என்ற யோசனை பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

ஃப்ரெட்போர்டு தட்டையானதல்ல. பெரிய தண்ணீர்க் குழாய் ஒன்றின் பக்கவாட்டில் நீளமாகச் சீவியெடுத்த பட்டை போல நடு மேடாகவும் ஓரங்கள் சரிந்தும் இருக்கும். அந்தக் குழாயின் ஆரம்தான் ரேடியஸ். பழைய ஃபெண்டரில் அது 7.25 அங்குலம், இன்றைய ஃபெண்டர்கள் பலவற்றில் 9.5, கிப்ஸனில் 12. எண் கூடக் கூடப் பலகை தட்டையாகும். கிளாசிகல் கிட்டாரில் வளைவே இருக்காது.

7.25 அங்குலப் பலகையில், 15ஆம் ஃப்ரெட்டில் முதல் கம்பி நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 23 மி.மீ. தள்ளி இருக்கிறது. அதை 10 மி.மீ. உள்ளே தள்ளினால் அது போய் நிற்கும் இடம் பழைய இடத்தைவிடச் சுமார் 1 மி.மீ. உயரம். ஆனால் கிட்டாரின் உடலில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜில் இருக்கும் மறுமுனை நகரவில்லை. ஓரத்தில், தாழ்வாக, அங்கேயேதான் இருக்கிறது. ஆக, கம்பி மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குகிறது. வழியில் இருக்கிற அடுத்த ஃப்ரெட்களோ இன்னும் மேட்டில்தான் நிற்கின்றன. அவற்றில் ஒன்றில் கம்பி உரசினால் சத்தம் போச்சு. சாதாரணமாக 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் கம்பிக்குக் கிடைக்கும் இடைவெளியே 1.5 மி.மீ. அளவுதான். அதே தள்ளலுக்கு 12 அங்குல ரேடியஸில் ஏற்றம் 0.6 மி.மீ.தான்.

சரி, 7.25ஐ 12 ஆக்க எவ்வளவு மரம் போகும்? ஓரங்களைத் தொடாமல் நடுவை மட்டும் தேய்த்தால், 42 மி.மீ. அகலமுள்ள நட் (தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) பக்கம் அரை மி.மீ., 56 மி.மீ. அகலமுள்ள உடல் பக்கம் சுமார் 0.85 மி.மீ. கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் ஃபெண்டர் 1962இல் தடித்த ரோஸ்வுட் பலகையை விட்டுவிட்டு, மேப்பிள் மர நெக்கின் (கிட்டாரின் கழுத்தின்) மேல் மெல்லிய ரோஸ்வுட் தகட்டை வளைத்து ஒட்டத் தொடங்கியது. அந்த மாதிரி நெக்கில் கைவைத்தால் நடுவில் வெளிறிய மேப்பிள் எட்டிப் பார்த்துவிடும். பழைய அசல் நெக்கை இப்படித் தேய்ப்பது என்னைக் கேட்டால் பாவம்.

வேலை இப்படி: ஃப்ரெட்களைச் சால்டரிங் அயர்னால் சூடாக்கி, மரம் பெயராமல் மெதுவாகப் பிடுங்க வேண்டும். நெக்குக்குள் ஓடும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடைத் திருகி நெக்கை நேராக்கிவிட்டு, பலகை முழுக்கக் குறுக்கே பென்சில் கோடுகள் போடுவார்கள். வேண்டிய ரேடியஸில் உட்புறம் குழிந்த கட்டையில் 80 எண் உப்புத்தாளை ஒட்டி நீளவாக்கில் தேய்த்தால், முதலில் நடுவில் மட்டும் ஒரு ஒல்லிப் பட்டையாகக் கோடுகள் அழியும். தேய்க்கத் தேய்க்கப் பட்டை அகலமாகும். இரண்டு ஓரங்களையும் அது தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தேய்ப்பதெல்லாம் பலகையை வீணாக மெலிய வைப்பதுதான். ரோஸ்வுட் தூள் நெஞ்சுக்கு ஆகாது, முகமூடி கட்டாயம். நடுவில் எவ்வளவு மரம் போனதோ அவ்வளவு ஃப்ரெட் பதியும் காடியின் (பள்ளத்தின்) ஆழமும் குறைந்திருக்கும். ரம்பத்தால் அதை மறுபடி ஆழமாக்காவிட்டால் புது ஃப்ரெட் நடுவில் உட்காராமல் தூக்கி நிற்கும்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. கம்பிகள் இணையாக ஓடுவதில்லை. முதல் கம்பிக்கும் ஆறாம் கம்பிக்கும் நடுவே நட்டில் 35 மி.மீ. என்றால் பிரிட்ஜில் 52 மி.மீ. இப்படி விரியும் கம்பிக்குக் கீழே உருளை வடிவப் பலகை நேராக இருக்காது. ஓரக் கம்பியின் பாதையில் நடுவே சுமார் 0.03 மி.மீ. புடைப்பு வரும். பலகை கூம்பு வடிவில் இருந்தால் அந்தப் புடைப்பு இல்லை. நட்டில் 9.5 அங்குலம் என்றால், கம்பிகள் விரியும் அதே விகிதத்தில் பிரிட்ஜில் 14 வரும். காம்பவுண்ட் ரேடியஸ் என்பது இதுதான். ஜாக்ஸன் கிட்டார்களில் 12இலிருந்து 16 வரை போகும். இதற்குக் குழிந்த கட்டை உதவாது. நீளமான நேர்கட்டையை ஒவ்வொரு கம்பியின் பாதையிலும் ஓட்டித் தேய்க்க வேண்டும்.

பலகை மாறினால் பிரிட்ஜும் நட்டும் அதன்படி மாற வேண்டும். ஸ்ட்ராட்டில் ஒவ்வொரு கம்பியின் சாடிலையும் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) தனித்தனியே திருகி உயரம் மாற்றலாம், பிரச்சினையில்லை. நட்டின் காடிகளைத்தான் புதிதாக அறுக்க வேண்டியிருக்கும்.

பென்ட் மட்டும்தான் தொல்லை என்றால், மரத்தைத் தொடுவதற்கு முன் ஒன்று செய்து பார்க்கலாம். ஃப்ரெட்கள் போதிய உயரமாக இருந்தால், 12க்கு மேலுள்ள ஃப்ரெட்களின் தலையை மட்டும் நடுவில் கொஞ்சம் தட்டையாக அரம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பலகை 7.25 ஆகவே இருக்கும், கம்பிக்கு வழியும் கிடைக்கும். ஃப்ரெட் மாற்றுவதை விட இதற்குச் செலவும் குறைவு.