சித்திரையில் எடுத்த தரவில் ஐப்பசி ஓடை இல்லை

ஒரு பெரிய திட்டத்தைப் பற்றி ஊர் மக்கள் வாய் திறப்பது பெரும்பாலும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தன்றுதான். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளைத் தயாரிக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது மிகவும் தாமதம்.

மத்திய அரசின் 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை சுற்றுச்சூழல் அனுமதி வழங்கும் நடைமுறையை நான்கு கட்டங்களாக வகுத்துள்ளது. திட்டத்தை வகைப்படுத்திய பின், எதையெல்லாம் ஆராய வேண்டும் என்ற ஆய்வு வரம்புகளை நிபுணர் குழு நிர்ணயிக்கும்; அதன் பிறகே வரைவு அறிக்கையும் மக்கள் கருத்தும் குழுவின் இறுதிப் பரிசீலனையும் வருகின்றன. எந்த நீர்நிலையை அளப்பது, மாற்று இடம் பார்க்கப்பட்டதா என்பன போன்ற கேள்விகள் இரண்டாம் கட்டத்திலேயே முடிவாகிவிடுகின்றன. அந்தக் கட்டத்தில் ஊராரைக் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயமோ அறிவிக்கையில் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், கடலோர மாவட்டம் ஒன்றில் ஒரு தொழிற்சாலைக்காக மார்ச் முதல் மே வரை அடிப்படைத் தரவுகளைத் திரட்டினோம். மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்துத் தரவு போதும் என்பதே வழக்கமான நிபந்தனை. நிலத்தின் குறுக்கே சென்ற பள்ளத்தில் அப்போது சொட்டு நீர் இல்லாததால், அறிக்கையில் அது தரிசாகிவிட்டது. கூட்டத்தில் முதியவர் ஒருவர் எழுந்து, “ஐப்பசியில வந்து பாருங்க தம்பி, ஏரி கலங்கல் தண்ணி முழுக்க அது வழியாத்தான் போவுது” என்றார். கலங்கல் என்பது ஏரி நிரம்பியதும் உபரிநீர் வழியும் இடம். அவர் சொன்னது சரி; தவறு எங்களுடையது. ஆனால் அதற்குள் நிலம் வாங்கி, கட்டட வரைபடமும் முடிந்திருந்தபடியால், மழைநீர் வடிகால் அமைக்கப்படும் என்று இறுதி அறிக்கையில் ஒரு பத்தி சேர்த்ததோடு சரி. அதே வாக்கியம் ஓராண்டு முன்னதாகக் கடிதமாக வந்திருந்தால், வெள்ள ஓட்ட ஆய்வு ஒரு நிபந்தனையாகவே சேர்ந்திருக்கக்கூடும்.

அப்படி எழுதத் தடையேதும் இல்லை. விண்ணப்பம், முன்சாத்தியக்கூறு அறிக்கை, நிபுணர் குழுவின் நிகழ்ச்சி நிரல் ஆகியவை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் வெளியாகின்றன. திட்டம் வேண்டாம் என்ற ஒற்றை வரியைவிட, சர்வே எண், கலங்கலின் இடம், நீர் ஓடும் மாதங்கள், மழைக்காலப் புகைப்படம் ஆகியவற்றுடன் எதை அளக்க வேண்டும் என்று கேட்கும் கடிதமே குழுவுக்குப் பயன்படும்.

தாக்க மதிப்பீட்டு அறிக்கையே தேவைப்படாத ‘பி2’ வகைத் திட்டங்களுக்குக் கூட்டமே கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகள் இந்த வகைக்கு மாற்றப்பட்டன. எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவே வாழும் காவிரி டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கூட்டம் நடந்தால், குறைந்தது 30 நாட்களுக்கு முன் நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் மட்டுமே தமிழில் கிடைக்கும் என்பதால், ஆங்கில முழு வரைவையும் ஆட்சியர் அலுவலகத்தில் யாராவது படித்துப் பார்ப்பது நல்லது. கூட்டத்தில் வாக்கெடுப்பு இல்லை; பதிவாகும் கருத்துக்குத்தான் எடை. முடிவில் நடவடிக்கைக் குறிப்பு தமிழில் வாசிக்கப்படும்வரை பலர் காத்திருப்பதில்லை. அதில் விடுபட்ட கேள்விக்கு இறுதி அறிக்கையில் யாரும் பதில் எழுதமாட்டார்கள், நாங்களும் எழுதியதில்லை.