அப்பா சம்மதிச்சா 18 வயசு ஆகாத புள்ள வண்டி ஓட்டலாமா?

வேலூர் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்ல ட்யூஷன் விடுற நேரத்துல பாருங்க, யூனிஃபார்ம் கூட மாத்தாத பசங்க ஒரே ஸ்கூட்டர்ல மூணு பேரு உக்காந்துகினு போறாங்க, பக்கத்துலயே பெங்களூரு ஹைவே, லாரி பறக்குது. கேட்டா "அப்பாதான் எடுத்துனு போகச் சொன்னாரு"ன்றான். அப்பா சொல்லிட்டா சரின்னு நெறைய பேரு நெனைச்சுகினு இருக்காங்க, ஆனா சட்டம் வேற மாதிரி சொல்லுது.

மோட்டார் வாகனச் சட்டம் 4வது பிரிவுப்படி பொது ரோட்ல வண்டி ஓட்ட 18 வயசு ஆயிருக்கணும். லோடு வண்டி, வாடகை வண்டின்னா 20. 16 வயசுக்கு ஒரே ஒரு சலுகைதான் இருக்கு, 50 சிசிக்கு மேல போகாத, கியர் இல்லாத டூவீலர், அதுக்கும் பெத்தவங்களோ பொறுப்புல இருக்கிறவங்களோ எழுதிக் குடுத்து எல்எல்ஆர், அதாவது பழகுநர் லைசென்ஸ், வாங்கியிருக்கணும். பெத்தவங்க சம்மதம் செல்லுபடியாகுற எடம் இது மட்டும்தான்.

அந்த 50 சிசி வண்டி இப்ப எங்க இருக்கு? பழைய டிவிஎஸ் 50 காலத்துக்கு அது சரி. இப்ப மார்க்கெட் மூட்டை ஏத்துற எக்ஸ்எல் 100 கிட்டத்தட்ட 100 சிசி, ஆக்டிவா 109 சிசிக்கு மேல. அப்பா கையெழுத்தே போட்டாலும் 16 வயசுப் பையன் இதுல எதையும் தொடக்கூடாது. 250 வாட்டுக்கு கம்மியா, 25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள ஓடுற சின்ன எலக்ட்ரிக் வண்டிக்கு லைசென்ஸ் தேவையில்ல, ஆனா ரோட்ல வேகமா போற எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எல்லாம் அந்தக் கணக்குல வராது.

இப்ப முக்கியமானது. 2019 செப்டம்பர்ல இருந்து இதே சட்டத்துல 199ஏ-ன்னு ஒரு பிரிவு அமல்ல இருக்கு. 18 ஆகாதவங்க வண்டி ஓட்டி குத்தம் பண்ணா பெத்தவங்களோ வண்டி ஓனரோதான் குத்தவாளி, 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபா அபராதம், வண்டியோட ஆர்சி, அதாவது பதிவு, 12 மாசத்துக்கு ரத்து. எங்க தெருவுல ஒரு அண்ணன் "எம்புள்ள, நான்தானே ஓட்டச் சொன்னேன், போலீசுக்கு இன்னா வந்துச்சு"ன்னு சத்தம் போட்டாரு. அண்ணே, நீங்க சொன்னீங்கன்றதுதான் உங்க மேல கேஸே. நீங்க வாயத் தெறக்கலன்னா கூட, உங்க சம்மதத்தோடதான் ஓட்டுனான்னு கோர்ட்டு எடுத்துக்கும். எனக்குத் தெரியாம எடுத்துனு போயிட்டான், இல்ல தடுக்க என்னால முடிஞ்சதெல்லாம் பண்ணேன்னு நீங்கதான் நிரூபிக்கணும். சாவிய ஃப்ரிட்ஜ் மேல வச்சிட்டு இதச் சொன்னா யாரு நம்புவாங்க? அக்கா பையன் கேட்டான்னு வண்டி குடுக்கிற மாமாக்களுக்கும் இதே நெலமைதான், ஓனரும் மாட்டுவாரு.

எனக்கு வயிறு கலங்குறது இதவிட இன்னொரு விஷயத்துல. மாட்டுன புள்ளைக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது, எல்எல்ஆர் கூட கிடையாது. ஐடிஐ முடிச்சிட்டு ராணிப்பேட்டை சிப்காட்ல ஷிப்டுக்குப் போகவோ டெலிவரி வேலை பாக்கவோ வண்டி அவசியமா வேணும்ன்ற வயசு முழுக்க அப்படியே போயிடும். பத்தாவதுல ஆசைக்கு ஓட்டுனதுக்கு ஏழெட்டு வருஷம்.

இன்சூரன்ஸும் கைகுடுக்காது. அடிபட்டவங்களுக்கு கம்பெனி பணம் கட்டச் சொல்லி கோர்ட்டு உத்தரவு போட்டாலும், லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டுனான்னு அந்தப் பணத்த ஓனர்கிட்ட இருந்து திருப்பி வசூல் பண்ண வழி இருக்கு. வீட்டு மேல லோன் இருக்கிறவங்க நெனைச்சுப் பாருங்க.

50 சிசின்றத 100, 125ன்னு ஏத்திட்டா, பெத்தவங்க கையெழுத்தோட 16லயே ஓட்டட்டுமேன்னு சிலர் கேக்குறாங்க. ஒடுகத்தூர், பேர்ணாம்பட்டு பக்கம் கிராமத்துல இருந்து ட்யூஷனுக்கு வர்ற புள்ளைங்க கஷ்டம் நெஜம், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அப்பா கையெழுத்துப் போட்டதால லாரி பிரேக் சீக்கிரம் புடிக்காது. இலவச பஸ் பாஸ் குடுக்குது அரசு, அரசுப் பள்ளி பதினொன்னாவதுக்கு சைக்கிளும் குடுக்குது, அப்போ ராத்திரி ட்யூஷன் விடுற நேரத்துக்கு பஸ் விடச் சொல்லி கேக்கலாம், கிராம சபையிலயே மனு குடுக்கலாம். வயச கொறைக்கச் சொல்றதுக்கு முன்னாடி அதக் கேளுங்க.

18 முடிஞ்ச அன்னைக்கே பரிவாகன்ற அரசு போக்குவரத்து சைட்ல எல்எல்ஆர் போட்டுடலாம், அது 6 மாசம் செல்லும், 30 நாள் கழிச்சு ஆர்டிஓ ஆபீஸ்ல ஓட்டிக் காட்டணும்.