வைரஸை அழித்த பிறகு கணினி ஏன் பூட் ஆவதில்லை?

“ஆன்ட்டிவைரஸ் ஸ்கேன் ஓடி முடிந்தது. பிடித்ததையெல்லாம் அழித்துவிட்டேன், ரீஸ்டார்ட் செய் என்றது. செய்தேன். அதோடு சரி, விண்டோஸ் வரவே இல்லை. வைரஸ் இருந்தவரை ஓடிய கணினி, அது போன பிறகு ஏன் படுத்துவிட்டது?” வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. மால்வேர்களில் (வைரஸ் போன்ற தீய நிரல்களில்) பெரும்பாலானவை கணினி ஒழுங்காக ஓடுவதையே விரும்பும். பாஸ்வேர்டு திருடவும் ஸ்பேம் அனுப்பவும் ஓடுகிற கணினிதானே வேண்டும்? வேண்டுமென்றே முடக்குபவை தனி ரகம். அவற்றுக்குப் பிறகு வருவோம். மற்றபடி, இப்படிப் படுத்துவிட்ட கணினிகளில் பலவற்றைக் கெடுத்தது மால்வேரைப் பிடுங்கிய விதம்தான்.

பூட் ஆவதன் படிகள் பலருக்கும் தெரிந்தவை. பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டிலுள்ள ஃபர்ம்வேர் (பழையதில் பயாஸ், புதியதில் யூஇஎஃப்ஐ) விழிக்கிறது. டிஸ்க்கிலிருந்து ஒரு சின்ன நிரலை ரேமில் ஏற்றி, பொறுப்பை அதனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறது. அது பூட் மேனேஜரை எழுப்பும். அடுத்து வின்லோட், கெர்னல் (விண்டோஸின் மையம்), டிரைவர்கள், வின்லோகன் (உள்ளே நுழைவதைக் கவனிப்பது), யூசர்இனிட் (நுழைந்தவருக்கான சூழலைத் தொடங்குவது), கடைசியில் எக்ஸ்ப்ளோரர் (டெஸ்க்டாப்). ஒன்று அடுத்ததை எழுப்பும் சங்கிலி இது. ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் உயிரோடிருக்க நினைக்கிற மால்வேர் இந்தச் சங்கிலியில் எங்காவது ஒரு கண்ணியாக நுழைந்துகொள்ள வேண்டும். ஆன்ட்டிவைரஸ் அந்தக் கண்ணியை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துக் கட்டாமல் போனால் சங்கிலி அங்கேயே அறுந்துபோகும்.

இந்த வித்தை மிக அழகாகத் தெரிவது பழைய முறை டிஸ்க்கின் முதல் செக்டரில் (டிஸ்க் இப்படிச் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்). மாஸ்டர் பூட் ரெக்கார்ட், சுருக்கமாக எம்பிஆர் என்று பெயர். மொத்தமே 512 பைட். முதல் 440 பைட் நிரல், அடுத்த 4 பைட் டிஸ்க்கின் அடையாள எண், 2 பைட் சும்மா, பிறகு 64 பைட்டில் பார்ட்டிஷன் அட்டவணை (பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம் நான்கு), கடைசி 2 பைட் 55 ஏஏ என்ற முத்திரை. பழைய பயாஸ் பார்ப்பது அந்த முத்திரையை மட்டும்தான். இருந்தால் அந்த 512 பைட்டையும் ரேமில் 7சி00 என்ற ஹெக்ஸ் முகவரியில் வைத்து ஓடவிட்டுவிடும். யார் எழுதியது, எப்போது எழுதியது என்ற விசாரணையே கிடையாது.

1987-இல் நியூசிலாந்தில் தோன்றிய ஸ்டோன்டு வைரஸ் இதை எப்படிப் பயன்படுத்தியது என்று பாருங்கள். அசல் செக்டரைத் தூக்கி முதல் டிராக்கின் (செக்டர்கள் வரிசையாக இருக்கும் வட்டத்தின்) 7-ஆம் செக்டரில் வைத்துவிட்டு, காலியான இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டது. அந்தக் காலத்தில் முதல் பார்ட்டிஷன் அடுத்த டிராக்கில்தான் தொடங்கும் என்பதால், முதல் டிராக்கின் மிச்ச செக்டர்கள் பெரும்பாலும் யாரும் தொடாமல் கிடந்தன. பூட் ஆகும்போது வைரஸ் முதலில் ஓடும். பயாஸ் குறித்து வைத்திருக்கும் ரேம் அளவில் 2 கிலோபைட்டைக் குறைத்து எழுதும். 640 கிலோபைட் என்பது 638 ஆகும். அன்றைய இயங்குதளமான டாஸ் அந்த எண்ணை நம்புவதால், மேலே விடுபட்ட 2 கிலோபைட்டைத் தொடவே தொடாது. அங்கே வைரஸ் குடியேறும். பிறகு டிஸ்க்கைப் படிக்கவும் எழுதவும் எல்லா நிரல்களும் அழைக்கும் இன்டரப்ட் 13-ஐத் தன் பக்கம் திருப்பிவிட்டு, 7-ஆம் செக்டரிலிருந்து அசலை எடுத்து 7சி00-இல் வைத்து ஓடவிடும். பயனருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. செக்டிஸ்க் கட்டளை மொத்த நினைவகத்தை 655360 என்று காட்டாமல் 653312 என்று காட்டினால், விஷயம் தெரிந்தவர்கள் அதிலேயே பிடித்துவிடுவார்கள்.

1991-இல் வந்த மைக்கேலாஞ்சலோ வைரஸும் அசலை ஒளித்துவைக்க அதே 7-ஆம் செக்டரைத்தான் பயன்படுத்தியது. விளைவு விசித்திரமானது. ஸ்டோன்டு ஏற்கெனவே இருந்த டிஸ்க்கில் மைக்கேலாஞ்சலோவும் ஏறினால், அது ‘அசல்’ என்று எடுத்து வைப்பது ஸ்டோன்டை. வைத்த இடமோ உண்மையான அசல் இருந்த இடம். ஸ்டோன்டு அசலைத் தேடி 7-ஆம் செக்டருக்குப் போனால் தன்னையே எடுத்து ஓட்டும். இரண்டு வைரஸுமே கணினி பூட் ஆகவேண்டும் என்றுதான் எழுதப்பட்டவை. சேர்ந்தபோது கணினி எழவே இல்லை.

ஒன்ஹாஃப் என்ற வைரஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. 1994-இல் பரவிய இது, ஒவ்வொரு பூட்டின்போதும் டிஸ்க்கின் கடைசிப் பக்கத்திலிருந்து இரண்டு சிலிண்டர்களை (டிராக்குகளின் அடுக்குகளை) மறையாக்கம் செய்துகொண்டே முன்னேறும். வைரஸ் ரேமில் இருக்கும்வரை, அந்தப் பகுதியை யார் படித்தாலும் வழியிலேயே மறையை அவிழ்த்துக் கொடுக்கும். கோப்புகளெல்லாம் நன்றாகவே திறக்கும். சாவி இருப்பதோ வைரஸ் உட்கார்ந்த அந்த முதல் செக்டரில். அன்றைய மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு அடித்த ‘எஃப்டிஸ்க் /எம்பிஆர்’ கட்டளை ஒரே நொடியில் வைரஸையும் சாவியையும் சேர்த்து அழித்தது. டிஸ்க்கின் பின்பாதி குப்பையானது. முதலில் மறையை அவிழ்த்துவிட்டு அதன்பிறகே வைரஸை எடுக்க வேண்டும். முதல் செக்டரில் கை வைப்பதற்கு முன் அதை நகலெடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். இந்த விதி இன்றைக்கும் மாறவில்லை.

2010 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் எம்எஸ்10-015 என்ற கெர்னல் அப்டேட்டை வெளியிட்டதும் உலகெங்கும் பல எக்ஸ்பி கணினிகள் நீலத்திரையில் நின்றன. பழி அப்டேட்டின் மேல் விழுந்தது. உள்ளே பார்த்தால், அவற்றில் அலூரியான் என்ற ரூட்கிட் (கணினியின் ஆழத்தில் ஒளிந்துகொள்ளும் மால்வேர்) ஏற்கெனவே குடியிருந்தது. அது அடாபி.எஸ்ஒய்எஸ் போன்ற டிஸ்க் டிரைவருக்குள் நுழைந்து, கெர்னல் செயல்பாடுகளின் முகவரிகளைக் கணக்குப் போட்டு மாறாத எண்களாக எழுதி வைத்திருந்தது. கெர்னல் மாறியது, முகவரிகள் நகர்ந்தன, ரூட்கிட் தவறான இடத்துக்குத் தாவியது. சுத்தமான டிரைவரை சிடியிலிருந்து நகலெடுத்து வைத்தால் கணினி எழுந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், ரூட்கிட்டை எழுதியவர்களும் சில நாட்களிலேயே தங்கள் சரக்குக்கு ஒரு ‘அப்டேட்’ விட்டுச் சரிசெய்தார்கள். கணினி பூட் ஆவதில் அவர்களுக்கு அவ்வளவு அக்கறை.

இன்றைய விண்டோஸிலும் கண்ணிகள் அறுவது இதே பாணியில்தான். சரிசெய்ய இறங்கும்முன், எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ‘ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்’ என்றால் முதல் செக்டரோ பார்ட்டிஷன் அட்டவணையோ போயிருக்கலாம். டிஸ்க்கே செத்திருக்கவும் கூடும். ஆகவே பயாஸ் அமைப்பில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். ‘பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்’ என்றாலோ, 0எக்ஸ்சி000000எஃப் என்ற எண் வந்தாலோ பூட் மேனேஜரிலும் அதன் பட்டியலிலும் கோளாறு. 7பி எண்ணோடு நீலத்திரை வந்தால் டிஸ்க் டிரைவர்கள் பக்கம். பாஸ்வேர்டு கொடுத்ததும் உள்ளே போய் உடனே வெளியே தள்ளினால் யூசர்இனிட்.

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு, வேறொரு சுத்தமான கணினியில் இரண்டு பென்டிரைவ் தயார் செய்யுங்கள். ஒன்று விண்டோஸ் நிறுவல் ஊடகம் (8 ஜிபி போதும்), மற்றொன்று லைவ் லினக்ஸ். முதலில் லினக்ஸில் பூட் செய்து, வெளி டிஸ்க் ஒன்றில் முழு நகல் எடுங்கள். டிடிரெஸ்க்யூ நல்ல கருவி. அதற்கு வசதியில்லை என்றால், முக்கியமான கோப்புகளோடு டிஸ்க்கின் முதல் 2048 செக்டர்களையாவது டிடி கட்டளையால் ஒரு கோப்பாக எடுத்து வையுங்கள். அது ஒரு மெகாபைட்தான். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் மறையாக்கம்) போட்ட டிஸ்க் என்றால் 48 இலக்க மீட்புச் சாவி கையில் இல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

பிறகு விண்டோஸ் ஊடகத்தில் பூட் செய்து, ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’ வழியாகக் கமாண்ட் பிராம்ட்டுக்குப் போகவும். இங்கே விண்டோஸ் இருக்கும் டிரைவ் சி ஆக இருக்கவேண்டிய அவசியமில்லை. ‘டிர்’ கட்டளை அடித்துப் பார்த்து உறுதிசெய்யுங்கள். பழைய எம்பிஆர் முறை டிஸ்க்கில் ‘பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்’ நிரல் பகுதியை மட்டும் புதிதாக எழுதும், அட்டவணையைத் தொடாது. அட்டவணையே சிதைந்திருந்தால் அதற்கு டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவிதான் கை கொடுக்கும். வேறொரு கணினியின் முதல் செக்டரை அப்படியே கொண்டுவந்து ஒட்டும் யோசனையைக் கைவிடுங்கள்: அதோடு அந்த டிஸ்க்கின் அட்டவணையும் அடையாள எண்ணும் வந்து சேரும், இருந்ததும் போகும்.

யூஇஎஃப்ஐ கணினிகளில் ‘பூட்ரெக் /ஃபிக்ஸ்பூட்’ பல சமயம் ‘அக்ஸஸ் டினைட்’ என்று நிற்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அங்கே பூட் நிரல் தனியாக ஒரு ஃபாட்32 பார்ட்டிஷனில், வழக்கமாக 100 எம்பி அளவில், இருக்கிறது. டிஸ்க்பார்ட்டில் அதற்கு எஸ் என்று எழுத்துக் கொடுத்துவிட்டு, ‘பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ’ என்று அடித்தால் பூட் கோப்புகளும் பட்டியலும் புதிதாக உருவாகும். யூஇஎஃப்ஐ கணினிகளில் வரும் புதிய முறையான ஜிபிடி டிஸ்க்கின் அட்டவணைக்கு டிஸ்க்கின் கடைசியில் ஒரு நகல் எப்போதும் இருக்கிறது என்பது கூடுதல் நிம்மதி.

யூசர்இனிட் சிக்கல் ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடம்; அதன் கோப்புகளுக்கு ஹைவ் என்று பெயர்). அதே கமாண்ட் பிராம்ட்டில் ரெஜ்எடிட் திறந்து, எச்கேஎல்எம்-ஐத் தேர்வுசெய்து, ‘லோட் ஹைவ்’ மூலம் விண்டோஸ்\சிஸ்டம்32\கான்ஃபிக்கிலுள்ள சாஃப்ட்வேர் கோப்பை ஏற்றுங்கள். வின்லோகன் கீயில் ஷெல் என்பது எக்ஸ்ப்ளோரர்.இஎக்ஸ்இ என்று மட்டும் இருக்க வேண்டும். யூசர்இனிட் என்பதில் சிஸ்டம்32-இலுள்ள யூசர்இனிட்.இஎக்ஸ்இ-யின் முழுப் பாதையும் கடைசியில் ஒரு கமாவும். மால்வேர் தன் கோப்பின் பெயரை இங்கே எழுதியிருக்கும். ஆன்ட்டிவைரஸ் கோப்பை அழித்துவிட்டு இந்த வரியை மறந்திருக்கும். 7பி நீலத்திரைக்கு சிஸ்டம் ஹைவை ஏற்றி, டிஸ்க் டிரைவ் வகுப்பின் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் பட்டியல்களைப் பாருங்கள். அங்கே பெயர் இருந்து கோப்பு இல்லாவிட்டால் டிஸ்க் தொடங்காது. அந்த ஒரு வரியை மட்டும் எடுங்கள். பார்ட்எம்ஜிஆர் விண்டோஸுடையது, அது இருந்தே ஆகவேண்டும். கீலாக்கர் (நாம் தட்டுவதைத் திருடும் மால்வேர்) அகற்றிய பிறகு கீபோர்டு வேலை செய்யாமல் போவதும் இதே வியாதிதான். அங்கே கேபிடிகிளாஸ் என்ற பெயர் மிஞ்ச வேண்டும். முடிந்ததும் ‘அன்லோட் ஹைவ்’ செய்ய மறக்காதீர்கள். ரெஜ்பேக் ஃபோல்டரில் பழைய நகல் இருக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம்: விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அங்கே தானாக நகல் எடுக்கப்படுவதில்லை.

ஆன்ட்டிவைரஸ்களை ஒப்பிடும்போது எத்தனை பிடித்தது என்ற எண்ணுக்குத்தான் கைதட்டல். பிடித்து அழித்த பிறகு கணினி எழுந்ததா, ரிஜிஸ்ட்ரி பழைய நிலைக்கு வந்ததா என்று சோதிப்பது சலிப்பூட்டும் வேலை. அதற்குப் பணம் ஒதுக்க முன்வருபவர்கள் குறைவு. என் அபிப்பிராயத்தில் பிடிப்பதைவிட அதுவே கடினமான அறிவியல். அந்த இடைவெளியில்தான் மூடநம்பிக்கைகள் வளர்கின்றன. மதர்போர்டு பேட்டரியைக் கழற்றி மாட்டினால் வைரஸ் போய்விடும் என்பது அதில் ஒன்று. பேட்டரி காப்பாற்றுவது கடிகாரத்தையும் சில அமைப்புகளையும். பிராசஸர் அங்கிருந்து எந்த நிரலையும் எடுத்து ஓட்டுவதில்லை. ஃபர்ம்வேர் இருப்பது ஃபிளாஷ் சிப்பில், அதற்குப் பேட்டரியே தேவையில்லை. 2018-இல் கண்டுபிடிக்கப்பட்ட லோஜாக்ஸ் என்ற மால்வேர் குடியிருந்தது அந்தச் சிப்பில்தான். அதைப் போக்க ஃபர்ம்வேரைத் திரும்ப எழுத வேண்டும்.

‘சி டிரைவை ஃபார்மட் அடித்தால் எல்லாம் சரி’ என்பதும் பாதி உண்மை. 2023-இல் வெளிப்பட்ட பிளாக்லோட்டஸ் என்ற பூட்கிட் (பூட் சங்கிலியில் ஒளியும் மால்வேர்), முறையாகக் கையெழுத்திடப்பட்ட, ஆனால் ஓட்டையுள்ள பழைய பூட் மேனேஜரை வைத்து, கையெழுத்தில்லாத பூட் நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட்டைத் தாண்டியது. அது தங்குவது மேலே சொன்ன அந்தச் சின்ன ஃபாட்32 பார்ட்டிஷனில். விண்டோஸைத் திரும்ப நிறுவும்போது அந்த டிஸ்க்கின் எல்லாப் பார்ட்டிஷன்களையும் நீக்கிவிட்டு நிறுவுங்கள்.

இனி, வேண்டுமென்றே முடக்கும் ரகம். 2016-இல் வந்த பெட்யா என்ற மால்வேர் முதல் செக்டரை மாற்றி எழுதிவிட்டுக் கணினியை ரீஸ்டார்ட் ஆக்கும். அடுத்து விண்டோஸ் லோகோவே வராமல், கருப்புத் திரையில் செக்டிஸ்க் ஓடுவதுபோல எழுத்துகள் வரும். அது பொய், அந்த நேரத்தில்தான் கோப்புகளின் அட்டவணையை மறையாக்குகிறது. ரீஸ்டார்ட் ஆனவுடன், அந்தத் திரை வருவதற்கு முன்பே பவரைத் துண்டித்துவிட்டால் அட்டவணை தப்பும். அசல் முதல் செக்டரும் அழிவதில்லை: ஒவ்வொரு பைட்டும் ஹெக்ஸ் 37-ஓடு எக்ஸ்ஓஆர் (பிட்களை மாற்றும் ஒரு கணக்கு) செய்யப்பட்டு 56-ஆம் செக்டரில் இருக்கும். அதே எண்ணோடு இன்னொரு முறை எக்ஸ்ஓஆர் செய்தால் அசல் வெளிவரும். ஸ்டோன்டு செய்ததையே கொஞ்சம் முகமூடி போட்டுச் செய்திருக்கிறார்கள்.

எழுந்த கணினியை அப்படியே நம்பலாமா? விளம்பர மென்பொருள் போன்ற லேசான தொற்று என்றால், எஸ்எஃப்சி (விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்க்கும் கட்டளை) ஓட்டி, வேறொரு ஸ்கேனரையும் வெளியிலிருந்து ஓட்டிவிட்டுத் தொடரலாம். ரூட்கிட்டோ பூட்கிட்டோ இருந்தது என்றால், பூட் ஆக்கியது கோப்புகளையும் லைசென்ஸ் சாவிகளையும் எடுப்பதற்கு மட்டும். எடுத்ததும் டிஸ்க்கை வழித்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். பாஸ்வேர்டுகளை மாற்றுவது வேறு கணினியிலிருந்து, அதுவும் மின்னஞ்சலுடையதை முதலில்.