மோதாமலே வீழ்த்தும் குண்டு

2025 மே மாதம் இந்தியா–பாகிஸ்தான் சண்டை நடந்த நாட்களில் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "அவ்வளவு வேகமாக வரும் ட்ரோனை, அதைவிட வேகமாகப் போகும் ஏவுகணை எப்படிக் குறி தப்பாமல் மோதுகிறது?"

பெரும்பாலும் மோதுவதே இல்லை. பக்கத்தில் போய் வெடிக்கிறது, அவ்வளவுதான். நம் ஆகாஷ் ஏவுகணையும் அப்படித்தான். "இதுதான் பக்கம், இப்போது வெடி" என்று அதற்குச் சொல்வது யார் என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல இரண்டாம் உலகப் போருக்குப் போக வேண்டும்.

வான்தாக்குதலிலிருந்து தப்ப இரண்டு வழிகள் உண்டு. விளக்கை அணைப்பது, பதுங்கு குழி தோண்டுவது, கூரைக்கு வலை போட்டு மறைப்பது எல்லாம் பாஸிவ் டிஃபென்ஸ். அடி விழும், சேதத்தைக் குறைத்துக்கொள்கிறோம். வருகிற அடியை வழியிலேயே போய்த் தடுப்பது ஆக்டிவ் டிஃபென்ஸ். 1940-ல் ஜெர்மன் விமானங்கள் தாக்கியபோது லண்டன் முதல் வழியை ஓரளவு நன்றாகவே செய்தது. இரண்டாவதில்தான் தடுமாறியது. ஆயிரக்கணக்கில் பீரங்கிக் குண்டுகளைச் சுட்டால் எப்போதாவது ஒரு விமானம் விழும்.

காரணம், திரி. ஆங்கிலத்தில் ஃப்யூஸ். வீட்டு மின்பெட்டியில் இருக்கும் ஃப்யூஸ் இல்லை இது, குண்டை வெடிக்கவைக்கும் திரி. அன்றைய திரி ஒரு கடிகாரம். விமானம் இருக்கும் உயரத்தைக் கணக்குப் போட்டு, "இத்தனை வினாடியில் வெடி" என்று முடுக்கிவிட்டுச் சுட வேண்டும். குண்டு வினாடிக்கு 600 மீட்டர் போகிறது என்றால், கடிகாரம் பத்தில் ஒரு வினாடி பிசகினாலே 60 மீட்டர் தள்ளி வெடிக்கும். அந்தத் தூரத்தில் சில்லுகள் விமானத்தை ஒன்றும் செய்யாது.

சரி, நேரத்தை விட்டுவிட்டு, விமானம் அருகில் வந்ததைக் குண்டே உணர்ந்தால்?

இதை எனக்கு முதலில் புரியவைத்தது எங்கள் வீட்டு டிவி. பல்லாவரத்தில் வளர்ந்தவன் நான். மொட்டை மாடியில் மீன் முள் மாதிரி ஒரு ஆன்டெனா இருந்தது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தலைக்கு மேலே வரும்போதெல்லாம், வெள்ளிக்கிழமைப் பாட்டு நிகழ்ச்சி வெளிறிக் கறுத்து, வெளிறிக் கறுத்துத் துடிக்கும். சத்தம் கேட்பதற்கு முன்பே, "பிளேன் வருது" என்று பாட்டி சொல்லிவிடுவார். கோபுரத்திலிருந்து நேராக வரும் அலை ஒன்று, விமானத்தின் உடம்பில் பட்டுத் திரும்பி வரும் அலை இன்னொன்று. இரண்டின் முகடுகளும் சேர்ந்து விழுந்தால் படம் தெளியும், முரண்பட்டால் மங்கும். விமானம் நகர நகர இது மாறி மாறி நடக்கும். எங்கள் வீட்டு டிவி, தனக்கே தெரியாமல், விமானத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது.

ப்ராக்ஸிமிட்டி ஃப்யூஸ் என்ற திரியும் இதையே செய்கிறது. குண்டின் மூக்குக்குள் ஒரு குட்டி வானொலி நிலையம். அது விடாமல் அலையை அனுப்பிக்கொண்டிருக்கும். விமானத்தில் பட்டுத் திரும்பும் அலை, அனுப்பிய அதே மின்சுற்றுக்குள் வந்து நுழைந்து, அதில் ஓடும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும். கேட்பதற்கென்று தனிக் கருவி கிடையாது. பேசுகிற வாயே காதாகவும் இருக்கிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. அலைநீளம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குண்டு 75 சென்டிமீட்டர் நெருங்கினால், போய்வரும் பாதை ஒரு முழு அலை குறையும். அதாவது ஒரு துடிப்பு. வினாடிக்கு 600 மீட்டர் நெருங்கினால் 800 துடிப்புகள். வினாடிக்கு 800 அதிர்வு என்பது ஹார்மோனியத்தில் வாசிக்கக்கூடிய ஒரு சுரம்! கண்ணுக்குத் தெரியாத வானொலி அலை, காதால் கேட்கக்கூடிய ஓசையாக இறங்கி வந்துவிடுகிறது. ஓசையைப் பெருக்கும் மிகச் சின்ன வெற்றிடக் குழாய்கள் அன்றைக்கே கடையில் இருந்தன, காது கேட்காதவர்களுக்கான கருவிகளில். அதிலிருந்துதான் எடுத்தார்கள். அந்தச் சுரம் ஓர் அளவைத் தாண்டி உரத்தால், வாயு நிரப்பிய இன்னொரு குழாய் சுவிட்ச் மாதிரித் திறந்து, சேமித்து வைத்த மின்சாரத்தை வெடிப்பானுக்கு அனுப்பும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். இந்த வானொலிக்கு ஆன்டெனா எது? குண்டின் உலோக உடம்பேதான். நீளமான ஒரு கம்பியிலிருந்து அலை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிப் பரவாது. பக்கவாட்டில் பலமாகவும், இரு முனைகளின் திசையில் அநேகமாக இல்லாமலும் பரவும். ஓர் உளுந்து வடையை எடுத்து அதன் ஓட்டையில் பென்சிலைச் செருகிப் பாருங்கள். பென்சில் குண்டு, வடை அலை. அப்புறம், குண்டு வெடித்தால் சில்லுகள் எந்தப் பக்கம் தெறிக்கும்? அதே பக்கவாட்டில்தான், சற்றே முன்சாய்வாக. எந்தத் திசையில் குண்டால் அடிக்க முடியுமோ, அந்தத் திசையில்தான் அதற்குக் கண் நன்றாகத் தெரிகிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இதில் அலுப்பே வருவதில்லை.

ஆனால் இதையெல்லாம் பீரங்கிக்குள் வைத்துச் சுட வேண்டுமே. சுடும் கணத்தில் புவியீர்ப்பைப் போல 20,000 மடங்கு உதை விழும். ஒரு கிராம் கம்பி 20 கிலோவாகக் கனக்கும். அதோடு வினாடிக்கு 200 முறைக்கு மேல் சுழலும். கண்ணாடிக் குழாயும் அதற்குள் முடியை விட மெல்லிய இழையும் இதைத் தாங்க வேண்டும். அமெரிக்காவின் விர்ஜீனியாவில் ஒரு பண்ணையில், சிறு பீரங்கியில் குழாய்களை வைத்து நேர் மேலே சுட்டு, விழுந்ததைத் தோண்டி எடுத்துப் பார்த்து, மறுபடி திருத்தினார்கள். இழை அறுந்துவிடாமல் ஒரு குட்டி ஸ்பிரிங்கால் இழுத்துப் பிடிக்கும் வழியைச் சொன்னவர் ஜேம்ஸ் வான் ஆலன். பின்னாளில் பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சுப் பட்டைகளைக் கண்டுபிடித்தவரும் இவர்தான்.

பேட்டரி இன்னும் அழகு. சாதாரண பேட்டரி வெப்பமான நாடுகளின் கிடங்குகளில் கிடந்து செத்துப்போனது. அதனால் மின்திரவத்தைத் தனியாக ஒரு கண்ணாடிக் குப்பியில் அடைத்தார்கள். சுட்ட அதிர்ச்சியில் குப்பி உடையும், சுழற்சியில் திரவம் தகடுகளுக்கு நடுவே பரவும், பேட்டரி உயிர் பெறும். எந்த உதைக்கும் சுழற்சிக்கும் பயந்தார்களோ, அதையே சாவியாக்கிவிட்டார்கள். சுட்டவர்கள் தலையிலேயே வெடிக்காமலிருக்க ஒரு பாதரசப் பூட்டும் உண்டு. சுழற்சியில் பாதரசம் வழிந்து விலகிய பிறகுதான் திரி தயாராகும்.

இந்த மின்சுற்றின் யோசனை 1940-ல் பிரிட்டனில், ப்யூட்மென்ட் என்ற விஞ்ஞானியும் அவர் சகாக்களும் முன்வைத்தது. அதைச் செய்து முடித்தது அமெரிக்காவில் மெர்லே டியூவ் தலைமையிலான குழு. டியூவ் எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? கார்னெகி நிறுவனத்தின் புவிக்காந்தத் துறையில். 1925-ல் அவரும் கிரெகரி பிரைட்டும் வானொலித் துடிப்புகளை மேலே அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்து, அலையைத் திருப்பி அனுப்பும் மேல்வானப் படலமான அயனி மண்டலத்தின் உயரத்தை அளந்தார்கள். "இதனால் யாருக்கு என்ன லாபம்?" என்று அன்றைக்குக் கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால், 1940-ல் இந்த வேலையைக் கொடுக்க அந்த ஆட்கள் இருந்திருக்க மாட்டார்கள். நம் நாட்டில் ஆராய்ச்சிக்கான செலவு மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. கிடைக்கிற பணத்துக்கும், "மூன்று வருடத்தில் என்ன பொருள் தருவீர்கள்?" என்று கேட்கிறோம். இந்தக் கேள்வி எனக்குக் கோபத்தையே தருகிறது. அயனி மண்டலத்தை அளந்தவர்களால் அப்படி ஒரு படிவத்தை நிரப்பியிருக்க முடியுமா?

1943 ஜனவரி 5 அன்று, பசிபிக் கடலின் குவாடல்கனால் தீவருகே ஹெலெனா என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் இந்தத் திரியால் முதல் ஜப்பானிய விமானத்தை வீழ்த்தியது. அப்போது நிலத்துக்கு மேல் சுடத் தடை இருந்தது. வெடிக்காமல் விழுந்த குண்டு எதிரி கையில் கிடைத்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். 1944 ஜூனில் ஜெர்மனியின் வி-1 லண்டன் மீது விழத் தொடங்கியது. ஆளில்லாமல், நேர்கோட்டில், மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் வரும் பறக்கும் குண்டு. இன்றைய ட்ரோன்களின் பாட்டன் என்றே சொல்லலாம். பீரங்கிகளைக் கடற்கரைக்கு நகர்த்தி, ரேடார் குறி பார்க்க, கடலுக்கு மேலே இந்தத் திரியோடு சுட்டார்கள். ஆகஸ்ட் 28 அன்று வந்த வி-1-கள் தொண்ணூறுக்கும் மேல். லண்டனை எட்டியவை நான்கு.

போர் முடிவதற்குள் இப்படி 2 கோடிக்கு மேல் திரிகள் செய்யப்பட்டன. எல்லாமே வானத்தைப் பார்த்துச் சுடப்படவில்லை. 1944 டிசம்பரில், பெல்ஜியத்தின் ஆர்டென் காட்டில் ஜெர்மானியர்கள் முன்னேறியபோது, தரைப் போரிலும் இதைப் பயன்படுத்தத் தடை நீங்கியது. தரையில் பட்டுத் திரும்பும் அலையும் அந்தச் சுற்றுக்கு அதே சுரம்தான். குண்டு மண்ணில் புதைந்து வெடிக்காமல், சில மீட்டர் உயரத்திலேயே வெடித்துச் சில்லுகளைக் கீழே கொட்டியது. பதுங்கு குழிக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு மேலே கூரை இல்லை.